தோணியில் போய்க் களப்போரம் தங்க: தம்பலகாமக் குடாவில் கற்றவை

ரொறன்ரோவில் இருக்கும் என் மச்சான் கோடை வந்தால் ஒன்ராறியோ மாகாணத்து அல்கோன்குயின் காட்டுக்குப் போய்விடுவான். 1893இல் உருவாக்கிய பூங்கா அது. 2,000 கிலோமீற்றருக்கு மேல் படகுப் பாதை அதற்குள் ஓடுகிறது. ஒரு ஏரி முடியும் இடத்தில் படகைக் கவிழ்த்துத் தோளில் ஏற்றிக் காட்டுவழியே நடந்து, அடுத்த ஏரியில் இறக்குவார்கள். தூக்கிக் கடக்கும் வழிக்கு மஞ்சள் பலகை, கூடாரம் அடிக்கும் இடத்துக்குச் செம்மஞ்சள் பலகை. லீவில் ஊருக்கு வந்தவன், "இங்கயும் ஒருக்கா போவம் மச்சான். குடா, களப்பு, குளம் எல்லாம் உங்கட வாசல்ல கிடக்குதே" என்றான். அப்படித் தொடங்கியதுதான் இந்தப் பழக்கம். அவன் திரும்பிப் போன பிறகும் நாங்கள் விடவில்லை.

படகு தள்ளும் வித்தையை அவன் சொல்லித் தந்தான். காற்றையும் தண்ணீரையும் திருகோணமலை மாவட்டத்துக் கிண்ணியாவில் ஒரு நானா சொல்லித் தந்தார். சின்ன வயதிலிருந்து குடாவுக்குள் வலை போடுகிறவர். இரண்டு பாடமும் சேராமல் எங்கள் பக்கத்துக் களப்பில் இரவு தங்கப் போகக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். இதில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு புறப்படும் இளம் பிள்ளைகளை இப்போது அடிக்கடி காண்கிறேன். அவர்களை நினைத்தே இதை எழுதுகிறேன்.

முதலில் காலம். ஐப்பசி தொடங்கித் தை வரை போகவே வேண்டாம். வாடைக்காற்றும் மழையும் ஒரு பக்கம். மகாவலி மண்ணிறமாகப் பெருகி, வேரோடு பிடுங்கிய மரங்களைக் கொட்டியாரக் குடாவுக்குள் தள்ளிக்கொண்டு வருவது இன்னொரு பக்கம். 2020 மார்கழி 2ஆம் திகதி புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையேறியதை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். வைகாசிக்குப் பிறகு கச்சான் காற்று எழும்பும். நல்ல காலம் மாசி நடுவிலிருந்து சித்திரை நடுவரை. மாரித் தண்ணீர் முழுக்க வடிந்திருக்காது, காற்றும் அடங்கியிருக்கும். ஆனால் பங்குனியும் சித்திரையும் பின்னேரத்தில் இடிமுழக்கம் வரும் மாதங்கள். மேற்கே கந்தளாய்ப் பக்கம் முகில் கறுத்துக் குவிவதைக் கண்டால், வலிப்பதை நிறுத்திக் கரை ஏறுங்கள். திறந்த தண்ணீரில் உயர்ந்து நிற்கிற ஒரே பொருள் நீங்கள்தான். மின்னலுக்கு அது போதும்.

கச்சானைப் பற்றிக் கொஞ்சம் விரித்துச் சொல்லவேண்டும், ஏனென்றால் வெளியூரிலிருந்து வருகிறவர்கள் ஏமாறுவது அதில்தான். அது மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வரும் காய்ந்த காற்று. தரையிலிருந்து கடலுக்கு வீசுவதால் கரையோரத் தண்ணீர் பளிங்குபோல் கிடக்கும். கரையில் நின்று பார்க்கிறவர் இன்றைக்கு நல்ல நாள் என்று நினைப்பார். அரை மைல் வெளியே போனதும் முதுகில் பிடித்துத் தள்ளத் தொடங்கும். போகும்போது சுகமாக இருக்கும், திரும்ப முடியாது. நானா எங்களுக்கு முதலில் சொன்னதே இதைத்தான்: "தம்பி, காத்து உங்கள எங்க கொண்டு போகுதெண்டு பாக்காதீங்க. அது மாறாட்டி எப்பிடித் திரும்பி வருவீங்க எண்டு பாருங்க."

அதனால் நாங்கள் தூரத்தை வைத்து நாளைத் திட்டமிடுவதில்லை. சாமான் ஏற்றிய தோணியை இரண்டு பேர் அமைதியான தண்ணீரில் வலித்தால் மணிக்கு நாலு கிலோமீற்றர் போகலாம். எதிர்க்காற்று கொஞ்சம் பலத்தால் அது பாதியாகும், இன்னும் பலத்தால் நின்ற இடத்திலேயே நிற்பீர்கள். விடியற்காலை ஐந்தரைக்குத் தண்ணீரில் இறங்கி, பத்து மணிக்குள் அன்றைய வலிப்பை முடித்துக்கொள்ளுகிறோம். பிறகு நிழல், சமையல், தூக்கம். பின்னேரம் நாலரைக்குப் பிறகு காற்று தணிந்திருந்தால் இன்னும் ஒரு மணி நேரம். வானிலை அவதான நிலைய அறிக்கையில் "காங்கேசன்துறையிலிருந்து திருகோணமலை ஊடாக மட்டக்களப்பு வரையான கடற்பரப்பு" என்று வரும் பகுதியைக் கேட்டுவிட்டுத்தான் வீட்டை விட்டு இறங்குவோம். காற்றின் வேகம் மணிக்கு 30 கிலோமீற்றருக்கு மேல் என்று சொன்னால் சாமானைக் கட்டுவதே இல்லை. எப்போதும் ஒரு நாளுக்கு மேலதிகமான சாப்பாடும் தண்ணீரும் இருக்கும். திங்கட்கிழமை வேலைக்குப் போகவேண்டும் என்ற அவசரத்தோடு ஞாயிறு பின்னேரம் காற்றை எதிர்த்து வலிப்பது இந்தப் பயணத்திலேயே மிக ஆபத்தான வேலை.

இனி இடம். தம்பலகாமக் குடா உள்ளே ஒடுங்கிக் கிடக்கும் ஆழமில்லாத நீர். கிண்ணியாப் பாலத்தின் கீழால்தான் அது வெளியே கொட்டியாரக் குடாவோடு சேருகிறது. 2009இல் அந்த 396 மீற்றர் பாலம் திறக்கும்வரை அவ்விடத்தில் பாதை எனும் மிதவைப் படகில் ஏறித்தான் எல்லாரும் கடந்தோம். பாலத்துக்கு உட்பக்கம் ஒரு உலகம், வெளிப்பக்கம் வேறொரு உலகம். எங்கள் வற்றுப்பெருக்கு இரண்டடிக்குள்தான், ஆனாலும் அவ்வளவு பெரிய குடாத் தண்ணீர் முழுவதும் அந்த ஒடுங்கிய வாயால் போய்வருவதால் பாலத்தடியில் நல்ல இழுவை உண்டு. தண்ணீர் வெளியே வடிகிற நேரம் அதன் கிட்டப் போகாதீர்கள்.

வெளியே கொட்டியாரக் குடாவைச் சின்னத் தோணியில் குறுக்கே கடக்க நினைக்கவே வேண்டாம். மகாவலி விழும் இடத்திலிருந்தே கடலடியில் பெரும் பள்ளத்தாக்கு ஒன்று தொடங்குகிறது. உலகத்தின் பெரிய கடலடிப் பள்ளத்தாக்குகளில் ஒன்று. கரைக்குக் கிட்டவே ஆழம் வந்துவிடும். பங்குனியில் திமிங்கிலம் பார்க்கப் படகுகள் அதிக தூரம் போகத் தேவையில்லாததும் அதனால்தான். 1659இல் மசூலிப்பட்டினத்துப் புயலில் பாய்மரத்தை இழந்த ஆங்கிலக் கப்பல் ஒன்று திருத்துவதற்காக ஒதுங்கியது இந்தக் கொட்டியாரத்தில்தான். அதில் வந்த ரொபர்ட் நொக்ஸ் கண்டி மன்னனின் ஆட்களிடம் பிடிபட்டு, ஏறத்தாழ இருபது வருடம் திரும்ப முடியாமல் இருந்தார். மூதூர்ப் பக்கம் போனால் அவர் பிடிபட்ட இடமென்று ஒரு மரத்தடியைக் காட்டுவார்கள்.

எங்களிடம் இருப்பது பைபர் தோணி, பதினைந்து அடி. லேண்ட்மாஸ்டர் உழவியந்திரப் பெட்டியில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுபோவோம். ஏற்றுவதில் மச்சான் மிகக் கண்டிப்பானவன். தண்ணீர்க் கேன் எல்லாம் நடுவில், அடித்தட்டில் படுத்தபடி இருக்கவேண்டும். விளிம்புக்கு மேலே எதுவும் எட்டிப்பார்க்கக் கூடாது. எதிர்க்காற்று என்றால் அரிசிப் பையை முன்னால் தள்ளி அணியத்தை, அதாவது தோணியின் முன்முனையைக், கொஞ்சம் தாழ்த்துவான், பின்காற்று என்றால் அதையே பின்னால் இழுப்பான். பாரம் எந்தப் பக்கம் குறைவோ அந்தப் பக்கத்தைக் காற்று பிடித்துத் திருப்பிவிடும். அந்த ஒரு பையை இரண்டடி நகர்த்தியதில் தோணி எவ்வளவு நேராக ஓடுகிறது என்பதை வலித்துப் பார்த்தால்தான் நம்புவீர்கள். உடுப்பு, மருந்து, கைத்தொலைபேசி மூன்றும் மூடி இறுக்கும் பிளாஸ்டிக் பரலுக்குள். பரலைக் கயிற்றால் தோணியோடு கட்டவேண்டும். கவிழ்ந்தால் அது மிதக்கும், நீங்களும் தோணியை விட்டு நீந்திப் போகாமல் அதைப் பிடித்துக்கொண்டே இருக்கவேண்டும். உயிர்காப்பு அங்கி உடம்பில் இருக்கவேண்டும். காலடியில் வைத்திருக்கும் அங்கி யாரையும் காப்பாற்றாது.

சவள், அதாவது துடுப்பு, வலிப்பதிலும் ஒரு நுணுக்கம். ஒரே பக்கம் வலித்தால் தோணி மறுபக்கம் திரும்பும். அதற்காகப் பக்கம் மாற்றி மாற்றி வலிப்பார்கள், தண்ணீர் முழுவதும் மடியில் சிந்தும். கடையாலில், அதாவது பின்னால் இருப்பவர், சவளைத் தோணியோடு ஒட்டி இழுத்து, இடுப்பைத் தாண்டியதும் மேல்கைப் பெருவிரல் கீழே பார்க்கும்படி கையைத் திருப்பி, அலகால் வெளிப்பக்கம் ஒரு சின்னத் தள்ளு கொடுக்கவேண்டும். இழு, திருப்பு, தள்ளு. அரை நாளில் கைக்கு வந்துவிடும். கண்டல் காட்டுக்குள் நுழையும் ஒடுங்கிய ஓடைகளில் இது இல்லாமல் போகவே முடியாது. அலை எழும்பினால் இருக்கையை விட்டு இறங்கி முழங்கால் போடுங்கள், தோணி உடனே நிதானப்படும். ஆழம் தெரியாத இடத்தில் பறவையைப் பாருங்கள். நாரையின் கால் பாதி தெரிகிறது என்றால் அங்கே தோணி தரைதட்டும்.

தண்ணீரில்தான் எங்கள் பயணம் ஒன்ராறியோப் பயணத்திலிருந்து முற்றாக வேறுபடுகிறது. அங்கே ஏரியில் அள்ளி, வடிகட்டியில் விட்டுக் குடிக்கலாம். இங்கே சுற்றிலும் உப்பு. ஆளுக்கு ஒரு நாளுக்கு ஐந்து லீற்றர் என்று கணக்குப் போட்டுக் கொண்டுபோகிறோம், சமையலும் அதற்குள். சித்திரை வெயிலில் வலிக்கும்போது தாகம் தெரியுமுன்பே உடம்பு காய்ந்துவிடும். தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் ஜீவனி உப்புப் பக்கெட் நாலைந்து பரலுக்குள் எப்போதும் கிடக்கும். தலையிடி வந்து, வேர்வை நின்று, பேச்சு குழறுகிற ஆளைக் கண்டால் நிழலில் கிடத்தி உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றுங்கள், உடனே 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள்.

பூவல், அதாவது மணலில் குடிதண்ணீருக்காகத் தோண்டும் சின்னக் குழி, தோண்டுவதை நானாதான் காட்டித் தந்தார். மணல் திட்டின் நடு மேட்டில், தண்ணீர் விளிம்பிலிருந்து நன்றாகத் தள்ளி, அடம்பன் கொடி பச்சையாகப் படர்ந்த இடமாகப் பார்த்து உட்கார்ந்தார். சிரட்டையால் மணலை வழித்து வழித்துப் பக்கத்தில் போட்டார். முழங்கை ஆழம் வந்ததும் மணல் நிறம் மாறி ஈரம் கசிந்தது. அந்த இடத்தில் நிறுத்திவிட்டார். "இதுக்குக் கீழ தோண்டினா உப்பு ஏறும்" என்றார். மழைத் தண்ணீர் உப்புத் தண்ணீரைவிடக் கனம் குறைந்தது, மணலுக்குள் அதன் மேலே மெல்லிய படையாக நிற்கும். ஆசைப்பட்டு ஆழமாகத் தோண்டினாலோ அவசரப்பட்டு அள்ளினாலோ கீழே இருக்கும் உப்பு மேலே வரும். கலங்கல் தெளியும்வரை பொறுத்து, சிரட்டையில் கொஞ்சம் கொஞ்சமாக முகந்து சாரத்துணியில் வடித்துப் பாத்திரம் நிரப்பினார். கொதிக்கவைத்துப் பிளேன்டீ போட்டோம், உப்பு நாக்கில் தட்டவில்லை. பங்குனி கடைசிவரை இது கிடைக்கும். பூவலை நம்பிக் கேனைக் குறைத்துக்கொண்டு போகாதீர்கள், ஆனால் தோண்டத் தெரிந்திருப்பது நல்லது. கிளம்பும்போது குழியை மூடிவிடவேண்டும். மாடும் வரும், ஆமையும் வரும்.

எங்கே தங்குவது? பலகை இல்லாத ஊரில் கேட்டுத்தான் தங்கவேண்டும். களப்போரம் மீன்பிடிப்பவர்கள் தங்கும் குடிசைகளான வாடிகள் உண்டு. வாடிக்காரரிடம் முதல் நாளே போய்ப் பேசி, அவர் காட்டுகிற இடத்தில் கூடாரம் அடிப்பதுதான் எங்கள் வழக்கம். அவருக்கு எந்தக் கரையில் முதலை ஏறும் என்று தெரியும், எந்த வழியால் யானை இறங்கும் என்றும் தெரியும். மகாவலி விழுகிற பக்கமும் கண்டல் ஓடைகளும் செம்மூக்கு முதலையின் இடம். உப்பிலும் நன்னீரிலும் திரியக்கூடியது, குளத்து முதலையைவிடப் பெரியது, ஆளை அஞ்சாதது. கூடாரம் தண்ணீரிலிருந்து ஐம்பது அடியாவது தள்ளி, மேட்டில் இருக்கவேண்டும். மீன் கழுவுவது, சட்டி தேய்ப்பது எதையும் தங்கும் கரையில் செய்யவேண்டாம். ஒரே இடத்தில் ஒரே நேரத்துக்குத் தண்ணீர் அள்ளப் போகவும் வேண்டாம், அது கவனித்து வைத்துக்கொள்ளும். கயிறு கட்டிய வாளியை எறிந்து இழுங்கள். இருட்டிய பிறகு தோணியை எடுக்கக்கூட விளிம்புக்குப் போகக் கூடாது, ஆகவே பொழுது படுமுன் தோணியைக் கரைமேல் இழுத்துக் கவிழ்த்து மரத்தில் கட்டிவிடுங்கள். மணலில் வால் இழுத்த கோடும் இருபக்கம் விரல் பதிந்த தடமும் கண்டால் அந்தக் கரையில் இறங்கவே வேண்டாம். புது யானைப்பிண்டம் கிடக்கும் இடத்துக்கும் இதே விதி.

விறகைப் பற்றி ஒரு எச்சரிக்கை. கண்டல் காட்டோரம் தில்லை மரம் நிறைய நிற்கும். ஒடித்தால் பால் வடியும். அந்தப் பால் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம், எரிக்கும் புகையும் கண்ணைக் கெடுக்கும். பழுத்த இலை சிவந்து அழகாக இருக்கும் என்பதற்காகக் கிளையை ஒடிக்காதீர்கள். கண்டல், கண்ணா எதையும் வெட்டவும் வேண்டாம். இறாலும் நண்டும் குஞ்சு வளர்வது அந்த வேர்களுக்குள்தான், வாடிக்காரரின் பிழைப்பு அதில் இருக்கிறது. நாங்கள் வீட்டிலிருந்தே ஒரு சாக்குச் சிரட்டை கொண்டுபோகிறோம். சீக்கிரம் பற்றும், சூடு அதிகம், ஒரு சாக்கு இரண்டு நாளைக்குத் தாராளம்.

நுளம்பு ஆறு மணிக்கு எழும்பி எட்டுக்குக் குறையும். ஐந்தரைக்குள் சாப்பிட்டு முடித்து வலைக்குள் போய்விட்டால் அதோடு சண்டை இல்லை. சாப்பாடு எளிமையாக இருக்கட்டும்: சோறு, பருப்பு, கருவாட்டுச் சம்பல். காலையில் அவலும் தேங்காய்ப்பூவும் சீனியும். வாடிக்காரர் அன்றைக்குப் பட்ட இறாலில் கொஞ்சம் தந்தால் அது பெரிய விருந்து, காசு வாங்கமாட்டார், தேயிலையும் சீனியும் கொடுத்துவிட்டு வாருங்கள். செருப்பில்லாமல் தண்ணீரில் இறங்காதீர்கள். தம்பலகாமக் குடாவில் 19ஆம் நூற்றாண்டில் முத்துக்காக எடுத்த தட்டைச் சிப்பி ஒன்று உண்டு, கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும். அதன் உடைந்த விளிம்பு பாதத்தைக் கிழித்துவிடும். மணலில் புதைந்து கிடக்கும் திருக்கையும் உண்டு. காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடந்தால் அது தானாக விலகிப் போகும்.

போன பங்குனியில் ஒரு காலை, கூடாரத்தைச் சுருட்டித் தோணியில் ஏற்றி முடித்த நேரம் காற்று திரும்பியது. குடா நடுவில் வெள்ளை நுரை தெரிந்தது. எங்களோடு வந்த பிள்ளை ஒருவனுக்கு மறுநாள் கம்பஸில் வகுப்பு, போயாகவேண்டும் என்று நின்றான். வாடிக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. தன்னுடைய தோணியைக் காட்டினார். இயந்திரம் பூட்டிய தோணி, அதுவும் கரையில் இழுத்துப் போட்டுக் கிடந்தது. பிள்ளை பேசாமல் சாமானை இறக்கத் தொடங்கினான். அன்று முழுவதும் வாடித் தாழ்வாரத்தில் வலை பொத்துவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எந்த ஓட்டைக்கு எத்தனை முடிச்சு, எந்த வலைக்கு எந்த நூல் என்று அவன் கேட்டுக் கேட்டு, பின்னேரம் தானே ஒரு கிழிசலைப் பொத்தினான். காற்று அடங்கியது மறுநாள் விடியத்தான். அந்தக் கரையில் இயந்திரத் தோணிக்காரர் இறங்காத நாளில் சவள் தோணிக்காரர் இறங்கக் கூடாது. இதைவிடச் சுலபமான அளவுகோல் எனக்குக் கிடைக்கவில்லை.

அனுமதி விடயத்தில் அலட்சியம் வேண்டாம். திருகோணமலைத் துறைமுகத்தின் உட்பகுதியில் கடற்படைத் தளம் இருக்கிறது, அந்தப் பக்கம் தோணியைத் திருப்பவே கூடாது. நாங்கள் புறப்படுமுன் கிராம சேவகருக்கும் பொலிசுக்கும் எத்தனை பேர், எந்தக் கரை, எப்போது திரும்புவது என்று எழுதிக் கொடுத்துவிடுகிறோம். வீட்டிலும் அதே தாளின் பிரதி இருக்கும். சரணாலயம் என்று பிரகடனப்படுத்திய இடங்களில் வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் தங்க முடியாது. கொக்கிளாய்க் களப்பு 1951இலிருந்து சரணாலயம். பறவை பார்க்க ஆசைப்பட்டு அங்கே கூடாரத்தோடு போகிறவர்கள் இதை முதலில் கேட்டறியுங்கள். போருக்குப் பிறகு ஆள் நடமாட்டமில்லாமல் கிடக்கும் பற்றைக்காடுகளில் விறகுக்கோ வேறு தேவைக்கோ நுழையவேண்டாம், மண்ணில் கிடக்கும் எந்த இரும்பையும் தொடவேண்டாம்.

உப்பு இல்லாத தண்ணீரில் பழக விரும்புகிறவர்கள் கந்தளாய்க் குளத்தைக் கேட்கிறார்கள். பழகுவதற்கு அது நல்ல இடம், மாசியில் குளம் நிரம்பிக் கிடக்கும். 1986 சித்திரை 20ஆம் திகதி அந்த அணை உடைந்து நூற்றுக்கு மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது. அந்த நினைவுள்ள ஊரார் குளத்தில் விளையாட்டுக் காட்டுகிறவர்களை விரும்பமாட்டார்கள். நீர்ப்பாசனத் திணைக்களத்தில் சொல்லிவிட்டு இறங்குங்கள், மதகுப் பக்கம் அண்டாதீர்கள். ஆவணிக்குப் பிறகு குளம் வற்றிப் புல் முளைத்த கரைக்குப் பொழுதுபட யானைகள் இறங்கும். அந்தக் காலத்தில் அங்கே இரவு தங்க நாங்கள் போவதில்லை. காலையில் வலித்துவிட்டு, பின்னேரம் மூன்று மணிக்குள் தோணியை ஏற்றிக்கொண்டு வீதிக்கு வந்துவிடுவோம்.